சங்கரியை அழைத்துவர ஒரு வண்டி

அத்தியாயம் பதினொன்று

போன ஞாயிற்றுக்கிழமை நல்லதம்பியின் சைக்கிள் பின்னால் போனதல்லவா, அதைச் சொல்லிச் சொல்லியே சூரியநெல்லி ஜங்ஷன் ஒரு வாரம் சிரித்தது. சைக்கிளில் இன்ஜினை எந்தப் பக்கம் பார்த்து மாட்டவேண்டுமோ அதற்கு எதிர்ப்பக்கம் பார்த்து மாட்டிவிட்டான். கயிற்றை இழுத்து ஆக்சிலேட்டரைத் திருகினால், வண்டி முன்னால் பாய்வதற்குப் பதிலாக அவனைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்த் தேயிலைச் செடிக்குள் மல்லாக்கத் தள்ளியது.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். எதற்காக இந்தப் பாடு படுகிறான் என்று தெரிந்தால் அவர்களுக்கே சங்கடமாகிவிடும்.

நல்லதம்பிக்கு எஸ்டேட்டில் கவாத்து மெஷின் வேலை. மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு முற்றிய தேயிலைச் செடிகளை வெட்டிக்கொண்டே போகவேண்டும். மனைவி சிவசங்கரி முன்பு கொழுந்து எடுத்தவள். தோள்வலி வந்தபிறகு, சின்னக்கானல் மேட்டில் ஒரு ரிசார்ட்டில் அறைகளைச் சுத்தம் பண்ணும் வேலைக்கு மாறிக்கொண்டாள். ஒரே மகள் மாரீஸ்வரிக்குத் தேனியில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் வேலை, அங்கேயே விடுதி.

சங்கரியோடு வேலை பார்த்த பெண்களெல்லாம் சேர்ந்து போகவர வாடகைக்கு ஒரு ஜீப் வைத்திருந்தார்கள். அந்தப் பெண்கள் ஒவ்வொருவராக ரிசார்ட்டே கொடுத்த அறைகளில் தங்க ஆரம்பித்ததும் ஜீப்காரன் வருவதை நிறுத்திவிட்டான். காலையில் போக பஸ் இருக்கிறது. வேலை முடிகிற நேரத்துக்கு பஸ் இல்லை. அந்தி மங்கும்போது யானை இறங்குகிற ரோட்டில் ஒற்றைப் பொம்பளை எப்படி நடந்து வருவாள்? ஒருநாள் யானையைப் பார்த்துவிட்டு ஓடி, ஒரு கால் செருப்போடு நனைந்துபோய் வீடு வந்து சேர்ந்தவள், தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கும் ரூம் தாரோம்ங்காங்க. போகட்டுமா?"

நல்லதம்பி போ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறுநாளே மெஷின் ஷெட்டில் கழித்துப்போட்டிருந்த ஒரு கவாத்து இன்ஜினைச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்து, வண்டி கட்ட உட்கார்ந்துவிட்டான். அதுதான் அவன் சொன்ன பதில். அது அவளுக்குப் பதிலாகப் பட்டதா என்பதை அவன் யோசிக்கவில்லை.

ரிசார்ட் அறைக்குப் பதில் சொல்ல இந்த ஞாயிறோடு தவணை முடிகிறது.

*

விடிந்தும் விடியாத பனிக்குள் சங்கரி பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றாள். ஸ்வெட்டருக்கு மேல் துண்டு, கையில் குடை, தோளில் பை.

"இன்னைக்கு ஜிஜி மேடத்துக்குப் பதில் சொல்லியாகணும். இல்லன்னா அந்தக் கட்டில வேற ஆளுக்குக் குடுத்துருவாங்களாம்."

"நீ ஒண்ணும் சொல்லாத. சாயந்தரம் ரிசார்ட் கேட்டுல நில்லு. நான் வாரேன்."

"எதுல?"

"வண்டியிலதான்."

சங்கரி செருப்பை மாட்டிக்கொண்டே அவனைத் திரும்பிப் பார்த்தாள். "முன்னால போற வண்டியா, பின்னால போற வண்டியா?"

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டாள். நல்லதம்பிக்கு வாசலிலேயே நிற்கத் தோன்றியது. அவள் கேலி பேசி எவ்வளவு நாளாயிற்று! கல்யாணமான புதிதில் வாயைத் திறந்தால் கேலிதான். இப்போதெல்லாம் 'சோறு இருக்கு', 'லைட்ட அணைங்க' என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கோபம் என்றும் சொல்லமுடியாது. அவள் இருட்டோடு போய் இருட்டோடு வருகிறாள். அவளுக்கு லீவு வியாழக்கிழமை. அன்றைக்கு அவன் கவாத்துக் காட்டில் இருப்பான். அவனுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத்தான் ரிசார்ட்டில் கூட்டம் அதிகம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு பேரும் முகம் பார்க்காமல் குடித்தனம் நடத்தினார்கள்.

அவன் திரும்பி லயத்தைப் பார்த்தான். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். பாதிக்கு மேல் பூட்டு. திருப்பூருக்குப் போனவர்கள், போடிக்குப் போனவர்கள், பிள்ளைகளோடு ஒட்டிக்கொண்டவர்கள். கடைசி வீடுகளில் ஜார்க்கண்ட் பையன்கள் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான், பார்த்தால் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். அதற்கு மேல் பேச இரண்டு தரப்பிலும் பாஷை கிடையாது.

ஒருநாள் மழையில் சங்கரி வரமுடியாமல் ரிசார்ட்டிலேயே தங்கிவிட்டாள். அன்று ராத்திரி ஒரு ஆளுக்கு உலை வைக்கத் தெரியாமல் இரண்டு ஆளுக்கு வடித்து, மீதியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணிடம் "அப்படியாம்மா?" என்று கேட்டுவிட்டு, தன் குரலைக் கேட்டுத் தானே திடுக்கிட்டான். வாரத்தில் ஆறு ராத்திரி அப்படி இருக்கவேண்டும் என்றால் தன்னால் முடியாது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அதை அவளிடம் வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியவில்லை.

*

அடுத்த வீட்டுப் பாண்டி திருப்பூர் போகும்போது சாவியை இவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். அந்தக் காலி வீட்டின் முன்னறைதான் நல்லதம்பியின் பட்டறை. அங்கே சங்கரியை அவன் விட்டதே இல்லை. முடிந்த பிறகு பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தான்.

சாக்கை விலக்கினான். அவனுடைய பழைய சைக்கிள்தான். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. பின்சக்கரத்துக்கு மேல் கவாத்து இன்ஜின் குந்தியிருந்தது. இன்ஜினிலிருந்து ஓர் இரும்பு ரோலர் வந்து டயரின் முதுகில் அழுந்தி நின்றது. சங்கதி அவ்வளவுதான்: இன்ஜின் ரோலரைச் சுற்றும், ரோலர் டயரை உரசித் தள்ளும், சக்கரம் ஓடும். தனியாகச் செயின் வேண்டாம், கியர் வேண்டாம். சீட்டுக்குக் கீழே ஒரு லீவர். அதைத் தூக்கினால் ரோலர் டயரைவிட்டு எழும்பிக்கொள்ளும், வண்டி பழையபடி வெறும் சைக்கிளாகிவிடும். இறக்கினால் ஒரு ஸ்பிரிங் ரோலரைப் பிடித்து டயரோடு அழுத்தும்.

இன்ஜின் உட்கார இடம் வேண்டும் என்று மட்கார்டையும் காரியரையும் முதல் நாளே கழற்றியாகிவிட்டது. காரியர் மூலையில் பெட்ரோல் கேனுக்கு மணையாகக் கிடந்தது. காரியரில் கட்டியிருந்த கம்பளி மெத்தையை முட்டிக்குப் போட்டுக்கொண்டு, நல்லதம்பி ஒவ்வொரு நட்டையும் இறுக்கிப் பார்த்தான். சிமெண்ட் தரையில் முட்டி போட்டால் இப்போதெல்லாம் எழுந்திருக்க முடிவதில்லை.

வெளியே தள்ளிக்கொண்டு வந்து கயிற்றை இழுத்து, கொஞ்சம் மிதித்து, லீவரை இறக்கி, ஆக்சிலேட்டரைத் திருகினான். இன்ஜின் கத்தியது. வண்டி முன்னால்தான் போனது. அடடா! பதினைந்து இருபது அடிக்கு ராஜநடை. அதற்கப்புறம் இன்ஜின் கத்துகிறது, ரோலர் சுற்றுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை. ரப்பர் கருகுகிற வாடை மூக்கில் ஏறியது.

குனிந்து டயரைத் தொட்டான். பனியில் நனைந்து வழவழவென்று இருந்தது. ஈர டயரில் மொழுமொழு ரோலர் எப்படிப் பிடிக்கும்? போன வாரம் நல்ல வெயில் அடித்ததால் இது தெரியாமலே போய்விட்டது. இந்த மலையில் வருஷத்தில் எத்தனை நாள் ரோடு காய்ந்து கிடக்கிறது?

வண்டியைத் தள்ளிக்கொண்டு சூரியநெல்லிக்கு நடந்தான்.

*

வெல்டிங் கடை ஜோஜோ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்த வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. நல்லதம்பியைக் கண்டதும் வாயெல்லாம் பல்.

"எந்தா அண்ணா, இன்னைக்கு எங்கோட்டு? முன்னாலேயா, பின்னாலேயா?"

"சிரிக்காத ஜோஜோ. ரோலரு வழுக்குது. இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள ஓடணும்."

"நாளைக்கு ஓடினா போதாதா? ஞாயிறல்லே?"

"நாளைக்கு ஓடி எனக்கு என்ன செய்ய?"

அந்தக் குரலைக் கேட்டு ஜோஜோ அதற்கப்புறம் கேலி பேசவில்லை. வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். ரோலரைக் கழற்றி, அதன் உடம்பில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய வெல்டிங் வரிகள் இழுத்தான். கூர்மையாக நின்றதையெல்லாம் டயரைக் கிழித்துவிடாமல் அரத்தால் ராவிவிட்டான். ஸ்பிரிங்கையும் ஒரு கண்ணி தள்ளி மாட்டினான். நல்லதம்பி பின்டயரில் காற்றைக் கல்மாதிரி ஏற்றினான். டயர் மெத்தென்று இருந்தால் ரோலர் அமுங்கிப் போகுமே தவிரத் தள்ளாது.

"போலீஸோ ஆர்.டி.ஓ. ஆளோ கண்டா என்ன பறயும்?" என்ன சொல்வது என்று ஜோஜோவுக்குக் கவலை.

"லீவரைத் தூக்கிருவேன். சைக்கிளு சார், பின்னால இருக்கது பாரம்னுருவேன்."

ஜோஜோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

ஜங்ஷனிலிருந்து எஸ்டேட்டுக்கு ஏறும் ரோட்டில், தூறலிலேயே, இரண்டாம் பரீட்சை. லீவரை இறக்கினான். ரோலர் டயரைக் கவ்வியது. கவ்வியதை இடுப்பில் உணர்ந்தான். யாரோ பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துத் தள்ளுவதுபோல வண்டி மேட்டில் ஏறியது. செங்குத்து வருகிற இடத்தில் காலால் கொஞ்சம் மிதித்துக் கொடுத்தால் போதும், முனகிக்கொண்டே ஏறிவிடுகிறது. மட்கார்டு இல்லாததால் சக்கரம் வாரியடித்த சேறு இன்ஜினையும் தாண்டிவந்து பிடரிவரை கோடு போட்டது. போடட்டும்!

லயத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தபோது ஜார்க்கண்ட் பையன்கள் ஓடிவந்து சுற்றி நின்று கைதட்டினார்கள். ஒருவன் இன்ஜினைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னவோ கேட்டான். நல்லதம்பி, "கவாத்து மெஷின், கவாத்து மெஷின்" என்றான். அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு சொல்வதற்கு ஆளில்லை. இவ்வளவு பெரிய காரியத்தைப் பண்ணிவிட்டு யாரிடம் போய்ச் சொல்வது? சங்கரியின் போன் வேலை நேரத்தில் அலமாரிக்குள் இருக்கும். மகளைக் கூப்பிட்டான்.

"மாரி, வண்டி ஓடிட்டும்மா! மழையிலயே ஓடிட்டு!"

"நெசமாவாப்பா? விழலையே?"

"விழல. சாயந்தரம் அம்மாவக் கூட்டிட்டு வரப் போறேன். இனி தெனமும் நானே போய்க் கூட்டிட்டு வந்துருவேன். ரூமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"அப்பா, அம்மாகிட்ட கேட்டீங்களா?"

"என்னத்தக் கேக்க?"

"அம்மாவுக்கு அந்த ரூமு வேணுமா வேண்டாமான்னு."

"அவளுக்கு எதுக்கு அது? வீடு இருக்கையில?"

"நீங்க கோவிச்சுக்கக் கூடாது. அன்னைக்கு மழையில அங்க தங்குச்சுல்ல, மறுநாள் எனக்குப் போன் பண்ணுச்சு. ரொம்ப நாளைக்கப்புறம் நல்லாத் தூங்குனேன்னு சொல்லுச்சு. காலையில வேற யாரோ டீ போட்டுக் கையில குடுத்தாங்களாம். ராத்திரி எல்லாரும் ஒண்ணா உக்காந்து பேசிச் சிரிச்சாங்களாம். அதையே ரெண்டு மூணு வாட்டி சொல்லுச்சுப்பா."

அவன் மீதிச் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே ராத்திரி.

"என்கிட்ட சொல்லலியே," என்றான்.

"நீங்க கேட்டாத்தான சொல்லும்?"

*

சாயந்தரம் கிளம்பும்போது அந்த வார்த்தையை ஓர் ஓரமாக ஒதுக்கிவைத்தான். வண்டியைப் பார்த்தால் அவள் மனசு மாறிவிடும். காலையில் கேலி பேசவில்லையா? வேண்டாதவள் கேலி பேசுவாளா? சேறு படிந்த சட்டையை மாற்றி, திருவிழாவுக்கு எடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டான். அது கறைபடாமல் இருக்க மேலே பழைய மழைக்கோட்டு.

பனி இறங்கியிருந்தது. சின்னக்கானல் ரோட்டில் வண்டி சீராக ஓடியது. டூரிஸ்ட் வண்டிகள் ஒதுங்கி வழிவிட்டன. ஒரு காரிலிருந்து யாரோ போனை நீட்டி வீடியோ எடுத்தார்கள். நல்லதம்பி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி எடுத்துப் பார்த்தான். ஊர் வாட்ஸ்அப் குரூப். 'வளைவுக்கு மேல் கொம்பன் யானை நிற்கிறது, டூவீலர் யாரும் வரவேண்டாம்.'

எந்த வளைவு? அவன் நிற்பதே ஒரு வளைவில்தான்.

இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. லீவரைத் தூக்கி இன்ஜினை அணைத்தான். சட்டென்று ரோடே வாயை மூடிக்கொண்டதுபோல இருந்தது. பிறகு, மேலே தேயிலைக்கு நடுவில் கிளை ஒடிகிற சத்தம். பனிக்குள் கருப்பாக ஒன்று அசைந்தது. யானை அவன் பக்கம் பார்க்கவில்லை. அது தன்பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தது.

திரும்பிப் போய்விடலாம். போனால் அவள் கேட்டில் நின்று பார்த்துவிட்டு, வரவில்லை என்று உள்ளே போய்விடுவாள். நல்லதம்பி இறங்கி, ரோட்டின் கீழ் ஓரமாக, செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தான். வெறும் சைக்கிள் அது இப்போது. மூச்சு விடாமல் அடுத்த வளைவைக் கடந்தபிறகுதான் ஏறி மிதித்தான். வெகுதூரம் போனபிறகே இன்ஜினைக் கிளப்பி லீவரை இறக்கினான்.

*

ரிசார்ட் கேட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். சங்கரி நின்றுகொண்டிருந்தாள். சொன்னபடி நின்றுகொண்டிருந்தாள்! தோளில் பை, கையில் குடை. கூட வேலை பார்க்கும் பெண்கள் நாலைந்து பேர் சத்தம் கேட்டு வெளியே வந்தார்கள். பின்னாலேயே, சூப்பர்வைசர் ஜிஜி.

"வந்துட்டீங்களே," என்றாள் சங்கரி. முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமான சிரிப்பு.

நல்லதம்பிக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு மடை திறந்ததுபோலப் பேச ஆரம்பித்தான். ரோலர் வழுக்கியது, ஜோஜோ வரி இழுத்தது, காற்று ஏற்றியது, மேடு ஏறியது, யானைக்குப் பக்கத்தில் லீவரைத் தூக்கிச் சத்தமில்லாமல் வந்தது. "இந்தா பாரு, இதத் தூக்குனா வெறும் சைக்கிளு. எறக்குனா மோட்டாரு." சங்கரி ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தாள். ஹேண்டில்பாரைத் தொட்டாள். சூடான இன்ஜினுக்கு மேல் கையைக் காட்டிக் குளிர் காய்ந்தாள். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

நின்றுகொண்டே இருந்தாள்.

"சரிங்க," என்றாள் மெதுவாக. "நான் எங்க உக்கார?"

நல்லதம்பி வாயைத் திறந்தான். இன்ஜினைப் பார்த்தான். சீட்டைப் பார்த்தான். மறுபடி இன்ஜினைப் பார்த்தான். அவள் உட்காருகிற இடத்தில் இன்ஜின் உட்கார்ந்திருந்தது.

ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி அவளை இடித்தாள்.

"முன்னால கம்பியில..." என்றான். சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"இந்த வயசுலயா? இந்த ரோட்டுலயா?" சங்கரி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "காரியரு எங்க?"

"பாண்டி வீட்ல கெடக்கு."

"அதுல ஒரு மெத்த இருந்துச்சே. நான் தச்சது."

நல்லதம்பி தலையைக் குனிந்துகொண்டான். இத்தனை நாளும் அதன்மேல் முட்டி போட்டுத்தான் இந்த வண்டியைக் கட்டினான். ஆயில் பட்டு, கிரீஸ் பட்டு, அதன் நிறமே மறந்துபோய்விட்டது. "இருக்கு," என்று மட்டும் சொன்னான்.

எப்படி மறந்தான்? அவளை நினைக்காமலா கட்டினான்? ஒவ்வொரு நட்டையும் முடுக்கும்போது அவள் வீட்டுக்கு வருவதைத்தான் நினைத்தான். வீட்டில் விளக்கு எரியும், இரண்டு தட்டு இருக்கும், பேச்சுச் சத்தம் இருக்கும். எல்லாவற்றையும் நினைத்தான். அவள் எப்படி வருவாள் என்பதை மட்டும் நினைக்கவில்லை.

"நடந்தே போயிருவோம்," என்றான் அவசரமாக. "நான் தள்ளிட்டு வாரேன். பேசிக்கிட்டே போலாம்."

ஜிஜி குறுக்கிட்டாள். "கொம்பன் ரோட்டுல நிக்குதுன்னு இப்பதான் மெசேஜ் வந்துச்சு. சேச்சியை இப்ப நடக்க விடமாட்டேன். நீங்களும் நடக்காதீங்க. மேல் ரோடு நடக்கிற தூரமில்ல, வண்டியில அப்படிப் போயிடுங்க, அங்க ஒண்ணும் இல்ல."

சங்கரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முந்தானை நுனியில் ஒரு முடிச்சு. முடிச்சில் ஒரு புதுச் சாவி. நல்லதம்பி அதைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"காலையிலயே குடுத்துட்டாங்க," என்றாள். "நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. நீங்க வாரேன்னீங்களே, அதான் கேட்டுல நின்னேன்."

அவள் பையைத் திறந்து ஒரு தூக்குவாளியை எடுத்து ஹேண்டில்பாரில் மாட்டினாள். "கேன்டீன்ல சோறும் மீனும் மிஞ்சுச்சு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க. மழைக்கோட்டுப் பட்டனைப் போடுங்க."

அவன் கயிற்றை இழுத்து, ஏறி லீவரை இறக்கினான். கிளம்பும்போது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"அந்த மெத்தையத் தொவச்சுப் போடுங்க."

*

வண்டி ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. மேல் ரோட்டின் மேடெல்லாம் சுலபமாக ஏறியது. ஒரே ஆள்தானே, ஏறாமல் என்ன செய்யும்? பாதி வழியில் நல்லதம்பிக்கு அழுகை வந்துவிட்டது. ஹெல்மெட்டும் கிடையாது, தூறல் முகத்தில் அடித்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று அழுதுகொண்டே ஓட்டினான்.

வீட்டுக்கு வந்ததும் விளக்கைக்கூடப் போடவில்லை. நேரே பாண்டி வீட்டுக்குப் போய் மெத்தையை எடுத்து, பொதுக் குழாயடியில் வைத்து சோப்பைப் போட்டுத் தேய்த்தான். கருப்புத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் ஓரத்தில் சிவப்பு நூல் தையல் தெரிந்தது. அவள் கைத்தையல். அடுப்புக்கு மேல் கயிறு கட்டிக் காயப்போட்டான். இந்தப் பனியில் அது எப்போது காயும் என்று அவனுக்கே தெரியாது.

மறுபடி பாண்டி வீட்டுக்குப் போய், வெறும் தரையில் வண்டிக்கு முன்னால் முட்டி போட்டான். முன்சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டான். அது பாட்டுக்குச் சுற்றியது. இது சும்மாதானே கிடக்கிறது? இன்ஜினை முன்னால் கொண்டுவந்து, ரோலரை முன்டயரில் பதியவைத்தால், பின்னால் காரியர் காரியரின் இடத்துக்கு வந்துவிடும். ஃபோர்க்கில் ஒரு தகடு வெல்டு பண்ணவேண்டும். ஜோஜோ பண்ணித் தருவான். கை தானாகவே ஸ்பானரைத் தேடிப் போயிற்று.

பாதியில் நிறுத்தினான்.

மறுபடியும் அதையேதான் செய்யப் போகிறான். அவள் 'போகட்டுமா?' என்று கேட்டது ஒன்று. இவன் ஸ்பானரை எடுத்தது இன்னொன்றுக்கு. 'நீங்க கேட்டாத்தான சொல்லும்?' என்று மாரி சொன்னாளே.

ஸ்பானரைக் கீழே வைத்தான். போனை எடுத்தான். வேலை நேரம் முடிந்துவிட்டது. அவள் போன் இப்போது அலமாரிக்குள் இருக்காது. மணி அடித்தது. இரண்டாம் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"போய்ச் சேந்தாச்சா?"

"சேந்தாச்சு."

"சாப்பிட்டீங்களா?"

"இல்ல. மெத்தயத் தொவச்சுப் போட்டுட்டேன்."

அவள் பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம், டம்ளர் சத்தம், யாரோ 'சங்கரியக்கா, டீ ஆறுது' என்கிற சத்தம். நல்லதம்பி காலி வீட்டின் நடுவில் நின்றுகொண்டு அதையெல்லாம் கேட்டான். இன்ஜினை முன்னால் மாற்றும் விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லவில்லை.

"சங்கரி, ஒண்ணு கேக்கணும். நீ நெசத்தச் சொல்லு, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்." தரையில் கிடந்த ஸ்பானரைக் காலால் ஓரம் தள்ளினான். "நீ இல்லாம என்னால நம்ம வீட்ல இருக்க முடியல. அது என் கத. உனக்கு எப்படி? உனக்கு இங்க வரணும்னு இருக்கா?"

பெண்களின் சிரிப்பு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இருங்க," என்றாள் சங்கரி. "இங்கன வேண்டாம். வெளிய வந்து சொல்லுதேன்."

செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது, மூடியது. சிரிப்புச் சத்தம் நின்றுபோனது. போனில் இப்போது மழையும் அவள் மூச்சும் மட்டும்தான். நல்லதம்பி அசையாமல் நின்றான்.